கடல்கட்டியும் புற்றுநோயும்

முத்துக்குளித்துறையில் முன்காலத்தில் "கடல்கட்டி" என்று ஒரு உத்தியோகம் இருந்தது. சுறாமீனின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவர் வேலை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, இம்மந்திரக்காரர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்று எழுதியிருக்கிறார். பின்னால் வந்த வெள்ளைக்கார அரசாங்கமும் இவர்களை வைத்துக்கொண்டே குளிப்பு நடத்திற்று. பிழைத்து வந்தவன் மந்திரத்தால் பிழைத்தான். சுறா கொண்டுபோனவன் தலைவிதியால் போனான்! எப்படியானாலும் கடல்கட்டியின் பங்கு மாத்திரம் தவறவில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. கடல்கட்டியும் போனார். ஆனால் அந்த வியாபாரம் போயிற்றா? இல்லை. அது கரையேறி வந்து, புற்றுநோய்க்காரர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கின்றது.

உப்பளத்திலும் துறைமுகத்திலும் பாடுபடுகிறவன் பசியையும் அலுப்பையும் மறக்கப் புகையிலையை அடக்கிக்கொள்கிறான். வாயில் வெள்ளைத்திட்டு விழுந்தால் "சூடு" என்கிறார்கள். பெண்ணுக்கு மார்பில் கட்டி வந்தால் வலியில்லையே என்று விட்டுவிடுகிறாள். தீட்டு நின்று வருஷங்கள் கழித்து இரத்தம் பட்டாலோ, புருஷனிடம் சொல்லவும் வெட்கப்படுகிறாள். பிறகு கோவில் விபூதி, மாதா கோவில் தீர்த்தம், தர்காத் தாயத்து என்று ஆறு மாதம் போகிறது. எல்லாம் முற்றியபின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே உயிர் போனால், "பார்த்தீர்களா, கத்தி வைத்தார்கள், செத்தான்" என்கிறார்கள். விபூதிக்குப் பழி இல்லை, வைத்தியருக்கே பழி! கடல்கட்டியின் கணக்குக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

புற்றுநோய் கர்மவினையானால், புகையிலை போடுகிறவன் வாயைத் தேடி அந்தக் கர்மம் அதிகமாய் வருவானேன்? கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு ஒரு வைரஸே காரணம் என்று கண்டவர் ஜெர்மானியரான ஹரால்ட் சுர் ஹவுசன். அதற்காக 2008-ல் நோபல் பரிசு பெற்றார். அது ஒழுக்கக்கேட்டுக்கு வரும் தண்டனை அல்ல. மிகச் சாதாரணமாய் மனிதரிடையே பரவும் கிருமி. அதைத் தடுக்க ஊசி இருக்கின்றது. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போடுவது உத்தமம். புற்றுநோய்களில் 100-க்கு 30 முதல் 50 வரை தடுக்கக் கூடியவை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. மீதியையும் ஆரம்பத்தில் கண்டால் அனேகம் பிழைக்க வழியுண்டு.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நமது திண்டுக்கல் ஜில்லாவிலேயே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் சோதனை செய்தார்கள். பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. புளிக்காடியில் உள்ள அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பதுதான். சோதனை நடந்த ஊர்களில் அந்நோயால் வரும் சாவு 100-க்கு 35 வீதம் குறைந்தது என்று 2007-ல் வெளியிட்டார்கள். திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்து பார்த்ததாலேயே, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றுச் சாவு 100-க்கு 34 குறைந்ததென்று 2005-ல் தெரிந்தது. எந்த விபூதி இப்படிக் கணக்குக் காட்டியிருக்கின்றது?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அவர் விதியென்று மூலையில் உட்காரவில்லை. 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார். தேவதாசி முறையை எதிர்த்த அதே கைதான் இதையும் செய்தது. இரண்டிலும் அவர் எதிர்த்தது தலைவிதி என்ற ஒரே பொய்யைத்தான்.

ஆனால் அறிவு மாத்திரம் போதுமா? உப்பளத்துப் பெண்ணைச் "சோதனைக்குப் போ" என்றால், அன்றைய கூலியை யார் கொடுப்பது? கூலியை இழந்தால் அடுப்பு எரியாது. ஆகவே அவள் போகாததை அறியாமை என்று ஏசுவது யோக்கியமாகாது. உப்பள முதலாளிகளும் துறைமுகக் காண்டிராக்டர்களும் வருஷத்தில் ஒரு நாள் முழுக் கூலியோடு சோதனைக்கு விடவேண்டும். அல்லது நர்சு அளத்துக்கே வரும்படி சர்க்கார் செய்யவேண்டும். கோவில் கொடைக்கு வரி எழுதும் ஊர்க் கமிட்டிகள், இதற்கும் ஒரு நாள் குறித்தால் என்ன?

கடைசியாக, பிழைத்தவர்களைப் பற்றி. நோய் தீர்ந்து வீடு திரும்பினவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். அவள் மகளுக்கு வரன் தட்டிப் போகின்றது. புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதல்ல. தீண்டாமையைக் கோவிலிலிருந்து ஒழிக்கப் பாடுபடும் நாம், அதை அடுக்களையில் விட்டுவைக்கலாமா? பிழைத்து வந்த ஒருத்தி கூசாமல் தெருவில் நின்று "எனக்குப் புற்று வந்தது, வைத்தியம் செய்தேன், உயிரோடிருக்கிறேன்" என்று சொன்னால், அது நூறு பிரசங்கத்துக்குச் சமம்.

ஆகவே தோழர்களே! மூன்று வாரத்தில் ஆறாத புண்ணையும், புதிதாய் வந்த கட்டியையும், காரணம் தெரியாத இரத்தப்போக்கையும் கடல்கட்டியிடம் கொண்டுபோகாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலையை இன்றே துப்புங்கள். சுறாவின் வாயை மந்திரம் ஒரு நாளும் கட்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.