அன்னியக் கப்பற்படைக்கு இங்கே என்ன வேலை?

கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறத்தாழ 1800 கிலோமீட்டர் தூரத்தில், இந்து மகாசமுத்திரத்தின் நடுவே டீகோ கார்சியா என்றொரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் பெரியது அதுதான். இன்று அது அமெரிக்கக் கப்பற்படையின் தளம். 1991லும் 2003லும் ஈராக் மீதும், 2001ல் ஆப்கானிஸ்தான் மீதும் குண்டு போடச் சென்ற விமானங்கள் அங்கிருந்து கிளம்பின. 2025 மார்ச் மாதத்தில் பி-2 ரகக் குண்டுவீச்சு விமானங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கடல்வழிகளைக் காக்கவே கப்பற்படை வைத்திருக்கிறோம், சரக்குக் கப்பல்கள் தடையின்றிப் போகவேண்டாமா என்று வாஷிங்டன் கனவான்கள் கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தக் கப்பற்படையும் தண்ணீரை மட்டும் நம்பி வாழ முடியாது. எண்ணெய் நிரப்ப, குண்டு ஏற்ற, பழுது பார்க்க அதற்குத் தரை வேண்டும். அந்தத் தரை யாரிடமிருந்து பறிக்கப்பட்டது?

கூலிகளிடமிருந்து! 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், பின்னர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் ஆகியோரின் சந்ததிகள் அவர்கள். தலைமுறை தலைமுறையாகத் தென்னந்தோட்டத்தில் தேங்காய் உரித்து, கொப்பரை காயவைத்துப் பிழைத்தார்கள்.

மொரீஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று வருஷம் முன்பு, 1965ல், பிரிட்டிஷ் சர்க்கார் 30 லட்சம் பவுன் கொடுத்து இந்தத் தீவுகளை அந்நாட்டிலிருந்து துண்டித்தது. இது தகாது என்று அதே ஆண்டு டிசம்பர் 16ல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் செய்தது. லண்டன் காதில் ஏறவில்லை. அடுத்த ஆண்டே டீகோ கார்சியாவை 50 வருஷத்துக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தார்கள். கூலி என்ன தெரியுமா? போலாரிஸ் ஏவுகணை பேரத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலர் தள்ளுபடி! இந்தத் தள்ளுபடி பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கும் தெரியாது, அமெரிக்கக் காங்கிரசுக்கும் தெரியாது. ஜனநாயகத்தைக் காக்க உலகெங்கும் கப்பல் அனுப்புகிறவர்களின் ஜனநாயகம் இப்படி!

பிறகு ஜனங்களை விரட்டினார்கள். வைத்தியத்துக்காக மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பக் கப்பலேற விடவில்லை. தீவுக்கு வரவேண்டிய உணவுப் பண்டங்கள் குறைந்தன. 1971ல் வீட்டு நாய்களையெல்லாம் பிடித்து, கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, ராணுவ லாரிகளின் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். கண்டவர்களுக்கு அடுத்தது என்ன என்று சொல்லவா வேண்டும்? 1973க்குள் 1500க்கும் மேற்பட்டவர்கள் மொரீஷியசிலும் செஷல்சிலும் இறக்கிவிடப்பட்டு, சேரிகளில் வேலையின்றி வாடினார்கள்.

இதற்கு அவர்கள் சொன்ன நியாயத்தை நமது விவசாயத் தொழிலாளிகள் கவனிக்க வேண்டும். இவர்கள் குடிமக்களே அல்ல, ஒப்பந்தத்துக்கு வந்த கூலிகள், வேலை முடிந்தது, போகலாம் என்றார்கள்! பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் மனையைக் காலி செய்யச் சொல்லும் மிராசுதார் பேசுவதும் இதே பாஷைதானே?

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. போர்ட் லூயி வீதிகளில் பெண்கள் உண்ணாவிரதமிருந்தார்கள், மறியல் செய்தார்கள். 2000ல் லண்டன் ஹைகோர்ட்டே வெளியேற்றம் சட்டவிரோதம் என்றது. 2004ல் அரசியின் பெயரால் ஓர் உத்தரவு போட்டு அந்தத் தீர்ப்பைக் குப்பையில் எறிந்தார்கள். 2019ல் சர்வதேச நீதிமன்றம், தீவுகளின் மீதான ஆட்சியைப் பிரிட்டன் கூடிய விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தது; ஐ.நா.வில் 116 நாடுகள் அதன் பக்கம் நின்றன, எதிர்த்தவை 6. வேறு வழியின்றி 2025 மே 22ல் பிரிட்டன் மொரீஷியசுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன்படி தீவுகள் மொரீஷியசுக்கு, ஆனால் தளம் 99 வருஷக் குத்தகைக்கு! மற்றத் தீவுகளில் மக்கள் குடியேறலாமாம், டீகோ கார்சியாவில் கூடாதாம். கொடி மாறினாலும் பீரங்கி மாறாது என்பதே இதன் பொருள்.

எங்கோ நடக்கும் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 1971 டிசம்பரில், வங்கதேச மக்களின் விடுதலைப் போர் வெற்றி பெறும் வேளையில், நிக்சன் சர்க்கார் எண்டர்பிரைஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு ஏவியது. அது நம்மை மிரட்டத்தான் வந்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே டிசம்பர் 16ல்தான், இலங்கையின் முயற்சியால், இந்து மகாசமுத்திரம் சமாதானப் பிரதேசம் என்று ஐ.நா. பிரகடனம் செய்தது.

அன்று மிரட்டியவர்களுக்கு இன்று நம் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. அமெரிக்கப் படைகள் நம் துறைமுகங்களில் எண்ணெயும் உணவும் உதிரிபாகமும் பெறலாம் என 2016ல் டெல்லி சர்க்கார் உடன்படிக்கை செய்தது. அந்த நட்புக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2021 ஏப்ரலில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று லட்சத்தீவுக்கு அருகே, நமது பொருளாதாரக் கடல் எல்லைக்குள், அனுமதி கேளாமல் நுழைந்தது. கேளாமல்தான் நுழைந்தோம் என்று ஏழாவது கப்பற்படையே அறிக்கையும் விட்டது. டெல்லி தன் கவலையைத் தெரிவித்தது. அவ்வளவுதான். மறு ஆண்டு ஆகஸ்டில், வெடிமருந்தும் சரக்கும் சுமக்கும் அமெரிக்கக் கப்பற்படைக் கப்பல் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் பழுது பார்க்கப்பட்டது. பற்றவைத்த தொழிலாளி மீது நமக்கு வருத்தமில்லை. அவன் அடுப்பு எரிய வேண்டும். எந்தக் கப்பலுக்கு அவன் உழைக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களைத்தான் கேட்கிறோம்.

2016 உடன்படிக்கையை ரத்து செய்ய வேண்டும் என்று கோருகிறோம். டீகோ கார்சியா உட்பட எல்லாத் தீவுகளுக்கும் சாகோஸ் மக்கள் திரும்பிச் செல்லவும், முழு நஷ்டஈடு பெறவும், தளம் அகற்றப்படவும் இந்திய சர்க்கார் ஐ.நா.வில் குரல் கொடுக்க வேண்டும். ஆலைத் தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, பிரதமருக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.