பிக்கப் வண்டி: முதலில் ஓட்டிப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள்

மாட்டு வண்டி ஓடிய பாதைகளில் இன்று பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்து 'குட்டி யானை' என்று பெயர் பெற்றது. அதன் பிறகு சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் ஊருக்கு ஊர் பெருகிவிட்டனர். பூவும் காய்கறியும் விடியுமுன் சந்தை சேர இவ்வண்டிகள் பேருதவியாக இருக்கின்றன. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால், வண்டி வாங்கிய வாரத்திலேயே பெரிய டயர், கூடுதல் ஸ்பிரிங் பட்டை, முன்புறம் இரும்புக் கம்பித் தடுப்பு, வரிசையாக விளக்குகள் என்று செலவு செய்யும் வழக்கமும் கூடவே வளர்ந்து வருகிறது. "தோட்டத்துக்குள் போகிற வண்டியாயிற்றே" என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். அந்தத் தோட்டத்துக்குள் வண்டி ஒரு முறையாவது போய்ப் பார்த்ததா என்று கேட்டால் பதில் இல்லை. தவணை கட்டத் தொடங்கும் முன்பே இன்னொரு கடன் சேர்ந்துவிடுகிறது.

சந்தையில் காளை பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், ஏரில் பூட்டி நடை பார்ப்பார். லாடம் அடிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். வண்டிக்கும் இதுவே முறை. கம்பெனி கொடுத்த நிலையிலேயே, ஒரு மழைப் பருவம் முழுவதும் நமது சொந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்த பிறகே எந்த மாற்றத்துக்கும் பணம் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாற்றங்கள் செய்வது என்ன?

கூடுதல் பட்டை போட்டால் வண்டி அதிகப் பாரம் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். பட்டை தாங்கலாம், அச்சும் பிரேக்கும் டயரும் சட்டமும் பழைய பலத்தில்தானே இருக்கின்றன! தவிர, குறைந்த பாரத்தில் போகும்போது வண்டி தூக்கிப் போடும். தக்காளி ஏற்றுகிறவருக்கு இதன் நஷ்டம் சந்தையில் தெரியும்.

வண்டியை உயர்த்தினால் அடிப்பாகம் இடிக்காது என்பதும் பாதி உண்மைதான். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் அடியில் மிகவும் தாழ்ந்து நிற்பது பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டி. ஸ்பிரிங்கை உயர்த்தினால் மேல் உடல்தான் உயரும். அச்சோடு கூடிய அந்தப் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். வண்டியின் தலைப்பாரம் மட்டும் கூடி, வரப்போரச் சரிவில் கவிழும் அபாயம் மிகும்.

டயரைப் பெரிதாக்கினால் பெட்டி சற்று உயரும். ஆனால் சக்கரத்தின் இழுவை குறையும். கிளட்சுக்கு வேலை கூடும். வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. முன்புற இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களைக் கேட்டுக் கொண்டது. பணம் கொடுத்து மாட்டியதைப் பணம் கொடுத்துக் கழற்றும் நிலை நமக்கு ஏன்?

சோதிக்கும் முறை

"மழையில் வண்டி மாட்டிக் கொண்டால் அன்றைய மகசூல் போய்விடுமே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் அறுவடைக்கு முன்பே, விளைபொருள் எதுவும் ஏற்றாத நாளில் சோதிக்கச் சொல்கிறேன்.

முதலில் பாதையை நடந்து பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் கோலை ஊன்றி ஆழம் பாருங்கள். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பது சக்கரத்துக்கும் பொருந்தும். துணைக்கு ஓர் ஆளும், அருகில் ஒரு டிராக்டரும், உறுதியான கயிறும், மண்வெட்டியும், இரண்டு பலகைகளும் இருக்கட்டும். வண்டியின் பின்னால் யாரையும் ஏற்ற வேண்டாம். இழுக்கும் கயிற்றைக் கம்பெனி கொடுத்த கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். கயிறு இறுகும்போது அருகில் யாரும் நிற்கக் கூடாது.

காய்ந்த பாதையில் வெறும் வண்டி, பிறகு அரைப் பாரம், பிறகு அனுமதித்த முழுப் பாரம் என்று ஓட்டுங்கள். மழை விட்ட மறுநாள், மூன்றாம் நாள் என்று மீண்டும் பாருங்கள். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் ஈரத்தில் டயர்ப் பள்ளங்களை அடைத்துக் கொள்ளும். எந்த டயர் போட்டாலும் அங்கே ஒரு நாள் காத்திருப்பதே மேல். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலின் குணம் வேறு. அங்கே வெறும் வண்டியின் டயர் காற்றைக் கால் பங்கு குறைத்தாலே டயர் நீளவாட்டில் படிந்து மணலில் மிதந்தாற்போல் போகும். மெதுவாகப் போக வேண்டும். சட்டென்று திருப்பக் கூடாது. பாரம் ஏற்றுமுன்னும் தார்ச்சாலை ஏறுமுன்னும் பழைய அளவுக்குக் காற்று அடித்துவிட வேண்டும்.

நமது பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பின் சக்கரங்களால் மட்டும் உந்தப்படுபவை. வெறும் வண்டியில் பின்புறம் கனம் இல்லாததால் ஈரத்தில் சக்கரம் எளிதில் வழுக்கும். ஒரு சக்கரம் பிடிப்பிழந்து சுழன்றால், பல்சக்கர அமைப்பின் காரணமாக மற்றச் சக்கரம் சும்மா நிற்கும். அப்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். உடனே நிறுத்தி, மண்ணை விலக்கிப் பலகை போடுங்கள். பின் அச்சுக்கு நேர் மேலே நாலைந்து மூட்டை மண்ணை வைத்துக் கட்டினாலும் பிடிப்பு கிடைக்கும்.

நோட்டுப் புத்தகம் சொல்லும்

தேதி, இடம், பாரம், காற்றின் அளவு, எந்தச் சக்கரம் சுழன்றது, அடியில் எது இடித்தது என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். பருவம் முடிந்ததும் அதைப் புரட்டினால் எங்கே செலவு செய்வது என்பது தானே விளங்கும். எப்போதும் ஒரே வாய்க்கால் கடவில் பின்பக்கம் இடித்தால், திருத்த வேண்டியது அந்தக் கடவைத்தான். சக்கரம் வழுக்குவது மட்டுமே குறை என்றால், பழைய டயர் தேய்ந்ததும் அதே அளவில் ஆழமான பள்ளம் வெட்டிய டயர் போதும். நான்கு சக்கர உந்துதல் இல்லாமல் முடியாது என்று தெரிந்தால், அடுத்த வண்டியை அப்படிப் பார்த்து வாங்கலாம். முதல் நாளே வாங்கத் தக்கவை காற்றளவுக் கருவி, கால் பம்பு, கயிறு, மண்வெட்டி ஆகியவையே.

விற்பனையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தார்ச்சாலையில் நாலு பர்லாங்கு ஓட்டிக் காட்டுவது விவசாயிக்குப் போதாது. பாரம் ஏற்றி, வண்டிப் பாதையில் ஓட்டிப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். விவசாயிகளும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரே பாதையில் பத்து வண்டிகள் போகின்றன. பத்துப் பேரும் தனித்தனியே பெரிய டயர் வாங்குவதைவிட, கூடிப் பேசி, அந்தப் பாதையின் இரண்டு பள்ளங்களில் சரளைக் கல் கொட்டி, தண்ணீர் வடிய ஓரத்தில் வாய்க்கால் எடுப்பது மலிவு. பெரிய டயர் ஒருவருடைய வண்டிக்கு மட்டுமே உதவும். பாதையைச் சீர் செய்தால் டிராக்டருக்கும், பால்காரரின் சைக்கிளுக்கும், அவசரத்துக்கு வரும் ஆம்புலன்சுக்கும் வழி கிடைக்கும்.