கக்குறது வேற, மூச்சு நிக்கிறது வேற!

எங்க அக்கா பையன் 32 வாரத்துலயே பொறந்தவன். ஏற்காட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்ப, தூக்கத்துல நாலு இழு வேகமா இழுப்பான், அப்புறம் அஞ்சாறு நொடி சுத்தமா நிறுத்திடுவான். அக்கா அவன் மூக்குகிட்ட விரலை வச்சுக்கிட்டே ராத்திரி பூரா உக்காந்திருப்பா. பால் குடிச்சா கக்கவும் செய்வான். போதாதா? "பால் எதுக்களிச்சு மூச்சை அடைக்குது"ன்னு ஊரே தீர்ப்பு எழுதிடுச்சு.

பாட்டி தொக்கம் எடுக்கச் சொன்னாங்க. கீழ சேலத்துல ஒரு டாக்டர் (பேரு வேணாம்) அமிலத்தைக் குறைக்கிற சொட்டு மருந்து எழுதினார். ஒருத்தர் படிக்காதவர், ஒருத்தர் படிச்சவர்னு நினைக்காதீங்க மக்களே, ரெண்டு பேரும் சொன்னது ஒரே கதை!

குறைமாசக் குழந்தைக்கு மூச்சு நிக்கிறதுக்கு முக்கியக் காரணம், மூச்சை நடத்துற மூளைப் பகுதி இன்னும் பழுக்காதது. கக்குறதுக்குக் காரணம், இரைப்பை வாசல் அடிக்கடி தளர்ந்து திறக்குறது. ஒரே வயசுல வர்ற ரெண்டு சங்கதி. காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைதான்.

முழுப் பொய்னும் சொல்ல மாட்டேன். குரல்வளையில திரவம் பட்டா மூச்சை நிறுத்துற அனிச்சைச் செயல் நிஜமாவே உண்டு. ஆனா குறைமாசக் குழந்தைகளுக்கு ரெண்டையும் ஒரே நேரத்துல பதிவு பண்ணிப் பாத்தா, பெரும்பாலும் ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாமத்தான் வருது. போதாக்குறைக்கு, அடிக்கடி பால் குடிக்கிற குழந்தையோட வயித்துல இருந்து வர்றதுல அமிலமே அவ்வளவா இருக்காது, பால் அதை மட்டுப்படுத்திடும். இல்லாத அமிலத்துக்கு எதுக்குங்க மருந்து?

இன்னொண்ணு. இந்த மூச்சு நிறுத்தத்துக்கு ஆஸ்பத்திரியில குடுக்குற முக்கிய மருந்தே காஃபீன்! காக்பர்ன் துரை காலத்துலேர்ந்து காப்பி விளையுற மலைக்காரன் நான், பெருமையா இருக்காதா? (அதுக்காக டிகாக்‌ஷனை ஊத்திடாதீங்க, கொலைக் கேஸ் ஆயிடும்.) அதே காஃபீன் அமிலத்தைக் கூட்டும், இரைப்பை வாசலைத் தளர்த்தும். எதுக்களிப்புதான் காரணம்னா, அந்த மருந்தால மூச்சு நிக்கிறது அதிகமாகணும். குறையுதே!

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2015லயே மூச்சு நிறுத்தத்துக்கு இந்த மருந்துகளை வழக்கமா குடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. 2018ல விரிவாவே எழுதுச்சு. வயித்து அமிலம் கிருமிக்குக் காவல்காரன். அவனை அனுப்பிட்டா குறைமாசக் குழந்தைக்கு ரத்தத்துல கிருமி ஏறுறதும் குடல் அழுகலும் கூடுதலா வர்றதைப் பாத்திருக்காங்க. எதுக்களிப்புக்குக் குழந்தைகளுக்கு அள்ளிக் குடுத்த சிசாப்ரைடு இதயத்துடிப்பைக் கெடுக்குதுன்னு அமெரிக்கக் கடைகள்லேர்ந்து 2000ல போச்சு. நம்ம நாட்டுல தடை பண்ண 2011 ஆச்சு. "சாதாரண சிரப்தானே"ன்னு இனியும் சொல்வீங்களா?

கக்குதேன்னு குப்புறப் போடுறது அடுத்த தப்பு. மல்லாக்கப் படுத்தா மூச்சுக்குழாய் மேல, உணவுக்குழாய் கீழ. வெளிய வர்ற பால் உணவுக்குழாய்க்கே திரும்பும். குப்புறப் போட்டா தலைகீழ். தூக்கத்துலயே திடீர்னு சாகுற ஆபத்தும் கூடும்.

எனக்குக் கோவமே இந்தக் கதை தின்னுற நேரத்தை நினைச்சுத்தான். அஞ்சு பத்து நொடி நின்னு தானா தொடர்ந்தா அது அந்த வயசு மூச்சு. 20 நொடி தாண்டினாலோ, உதடு நீலம் பாரிச்சாலோ, உடம்பு துவண்டாலோ அது வேற. கிருமித் தொற்றா இருக்கலாம், வலிப்பா இருக்கலாம், சர்க்கரை குறைஞ்சிருக்கலாம். அப்ப 108க்குப் போன் போடணும். இங்கேர்ந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. தொக்கக்காரர் வாயில ஊதி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா, அந்த 20 வளைவும் அப்படியே பாக்கி இருக்கும்.

அக்கா வேற டாக்டரைப் பாத்து, அவர் சொல்லி சொட்டு மருந்தை நிறுத்தினா. ரெண்டே மாசத்துல மூச்சு ஒழுங்காயிடுச்சு. பய கக்குறதை விட எட்டு மாசம் ஆச்சு. என் காலேஜ் சட்டை ரெண்டு போனதுதான் மிச்சம்.