ஆணை வந்தது, ஆள் வரவில்லை

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம்தான். ஆனால் அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இல்தான். அதற்கு முன் வாங்கிய கணினியில் திரை, விசைப்பலகை, ஹார்ட் டிஸ்க் எல்லாம் சரியாக இருந்தாலும் பயனில்லை. உலகம் முழுக்க 24 கோடி கணினிகள் இப்படிக் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணக்கிட்டது. காசு கொடுத்து நீட்டிப்பு வாங்கவும் வழி உண்டு. நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு அதில் இரண்டு மடங்கு, மூன்றாம் ஆண்டு அதிலும் இரண்டு மடங்கு. ஆக மூன்று ஆண்டுக்கு 427 டாலர். பழைய கணினி ஒன்றுக்கு இவ்வளவு கொடுக்க எந்த ஊராட்சியிடமும் பணம் இல்லை, கொடுக்கவும் கூடாது. லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டால் அதே கணினி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். தமிழ்நாட்டு அரசு இதை முன்பே சொல்லியிருக்கிறது, ஆணையும் போட்டிருக்கிறது. ஆனாலும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதைப் பார்க்காமல் மறுபடி ஓர் ஆணை போட்டால், அதுவும் கோப்பில்தான் கிடக்கும்.

எந்தத் தொல்லையை லினக்ஸ் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் ஒன்றியத்தில் 73 ஊராட்சிகள் இருக்கின்றன. ஊராட்சி செயலர், கிராம நிர்வாக அலுவலர், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் எழுத்தர், இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் என யாரைக் கேட்டாலும் குறைகள் ஏறத்தாழ ஒன்றுதான். ‘சர்வர் டவுன்’ என்பது முதல் குறை. அது எங்கோ இருக்கும் இணையதளத்தின் கோளாறு. மேசையில் எந்த இயங்குதளம் இருந்தாலும் அது தீராது. மற்றவை அப்படியல்ல. வருமானச் சான்றுக்கு வந்தவர் எதிரே நின்றுகொண்டிருக்க, கணினி தானாக அப்டேட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்த பென் டிரைவைச் செருகியதும் ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடுகின்றன. வைரஸ் வந்தால் தெரிந்த பையன் ஒருவனைக் கூப்பிட்டு ‘ஃபார்மட் அடித்து’, உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு வாங்குவது ஊரறிந்த வழக்கம். அதில் பழைய கோப்புகளும் சேர்ந்து போகும். கணினி யாருடைய மேசையில் இருக்கிறதோ, அவருக்கு அதன்மேல் எந்தப் பிடியும் இல்லை என்பதுதான் இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. எப்போது அப்டேட் ஆகும், எத்தனை ஆண்டு வரும், என்று செல்லாக்காசாகும் என எதையும் அவர் முடிவு செய்வதில்லை.

இப்போது பழைய கதைக்கு வருவோம். கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-இல் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்து ஏயு-கேபிசி ஆய்வு மையத்தையும் சென்னை சிடாக் நிறுவனத்தையும் கொண்டு அமைந்தது. அங்கிருந்துதான் பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. அதே காலத்தில் உமாசங்கர் ஐஏஎஸ் பொறுப்பில் இருந்த, தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றியது. 2011-இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறுமாறு தமிழ்நாட்டு அரசு தன் துறைகளுக்குச் சொன்னது. ஆக இன்றைய நெருக்கடி நமக்குப் புதிதல்ல. அன்றே இதே கேள்வி வந்தது, சரியான விடையும் கொடுத்தோம். ஆனால் மடிக்கணினியில் இருந்த லினக்ஸை என்ன செய்வது என்று சொல்லித்தர பெரும்பாலான பள்ளிகளில் ஆள் இல்லை. அலுவலகங்களிலும் அதே நிலைதான். அச்சுப்பொறி வேலை செய்யாத முதல் நாளில் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கு அந்த ஆணையிடம் பதில் இல்லை. வட்டு வந்தது, சுற்றறிக்கை வந்தது, ஆள் வரவில்லை. பையனைக் கூப்பிட்டார்கள், அவன் தனக்குத் தெரிந்த விண்டோஸைப் போட்டுக் கொடுத்தான். அவன்மேல் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

கேரளம் இதே வேலையை எப்படிச் செய்தது என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. முதலில் விண்டோஸில்தான் பாடம் நடந்தது. பிறகு ஆசிரியர்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்து, ஒவ்வொரு பள்ளியிலும் கணினிக்கென ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, பத்தாம் வகுப்பு ஐடி தேர்வையே கட்டற்ற மென்பொருளில் எழுத வைத்தார்கள். 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்ற பெயரில் பள்ளிதோறும் மாணவர் மன்றங்களை அமைத்தார்கள். 2019-இல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தங்கள் சொந்தப் பதிப்பைப் புதுப்பித்தபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் உரிமச் செலவாக மூவாயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று அதை நடத்தும் கைட் நிறுவனம் சொன்னது. அது அவர்களே போட்ட கணக்கு. பாதியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் தொகை பெரிதுதான். ஆனால் எனக்கு அந்தப் பணத்தைவிட முக்கியமாகப் படுவது, இடுக்கி மலைப் பள்ளியில் கணினி மக்கர் செய்தால் அதே பள்ளியில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்பது. மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவரை உருவாக்கினார்கள்.

இந்தப் பக்கம் ஆளே இல்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. காஞ்சிபுரத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது; ஞாயிறுதோறும் இணையவழியில் கூடி, யார் என்ன ஐயம் கேட்டாலும் தமிழில் விளக்குகிறார்கள். விழுப்புரத்திலும் ஒரு லினக்ஸ் பயனர் குழு கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துவருகிறது. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸ் முதல் நிரலாக்கம் வரை எளிய தமிழில் எழுதிக் குவித்திருக்கிறது. அத்தனையும் இலவசம். இவர்கள் தன்னார்வலர்கள், அரசு அலுவலகத்து அச்சுப்பொறியைப் பார்க்க வேலைநாளில் ஓடிவர வேண்டும் என்று இவர்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் இவர்களிடம் கற்றுக்கொண்ட ஐடிஐ, பாலிடெக்னிக் படித்த இளைஞர்களை ஒன்றியத்துக்கு இருவர் என்று சம்பளத்துக்கு அமர்த்தலாம். உரிமத்துக்கும் நீட்டிப்புக்கும் போகும் பணம் வெளிநாட்டுக்குப் போய்விடும். இவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம் உத்திரமேரூர் கடைத்தெருவில் செலவாகும். ‘லினக்ஸ் இலவசம்’ என்று சொல்லியே இந்த வாதத்தைக் கெடுத்துவிட்டோம் என்று நினைக்கிறேன். மென்பொருள் இலவசம், அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதரின் உழைப்பு இலவசமாக இருக்க முடியாது. அந்தச் செலவை மறைத்ததால்தான் 2014-இல் நிதி ஒதுக்கத் தோன்றவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது தமிழ்த் தட்டச்சு பற்றியது. அரசு அலுவலகங்களில் பல ஆண்டுகளாக வானவில் எழுத்துருவில் அடித்த கடிதங்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் தலைப்பு முதல் ஒப்பம் வரை ஒரு தமிழ் எழுத்துகூட இராது. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் அடைப்புக்குறிகளும்தான் வரிவரியாக நிற்கும். ‘லினக்ஸில் தமிழ் வராது’ என்ற பேச்சு பெரும்பாலும் இங்கிருந்து கிளம்பியது. இது லினக்ஸின் குறை அல்ல, பழைய குறியீட்டின் குறை. எழுத்துரு இல்லாவிட்டால் விண்டோஸிலும் இதே கதைதான். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே ஒருங்குறியை (யூனிகோடை) அரசுத் தரமாக ஏற்று ஆணை வந்துவிட்டது. ஒருங்குறியில் அடித்த கடிதம் எந்த இயங்குதளத்திலும் திறக்கும். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கூடவே வருகிறது. லிப்ரே ஆபிஸின் பட்டியல்களைக்கூடத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். பழைய கோப்புகளை மாற்றித்தர எழுத்துரு மாற்றிகள் உண்டு. யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மறுபடி ஆள்தான்.

அடுத்தது கருவிகள். மின்னணுக் கையொப்பம் போடும் யுஎஸ்பி டோக்கன், கைரேகைக் கருவி, ஸ்கேனர் ஆகியவற்றில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. சிலவற்றை அமைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சிலவற்றுக்கு இல்லவே இல்லை. டேலியில் கணக்கு எழுதுபவருக்கு விண்டோஸ் தேவை. இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் ஓர் அலுவலகத்தில் எத்தனை மேசையில் டோக்கன் இருக்கிறது? பெரும்பாலான வேலை இன்று உலாவிக்குள் நடக்கிறது. ஊராட்சிக் கணக்கு இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில், நில ஆவணம் தமிழ்நிலம் தளத்தில். 2022-இல் மத்திய அரசு 63,000 கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோதும், நாடு முழுவதற்கும் ஒரே பொது மென்பொருள் என்றுதான் வகுத்தது. உலாவிக்கு விண்டோஸ் வேண்டியதில்லை. டிரைவர் சிக்கலுக்கும் நிரந்தர மருந்து கொள்முதலில் இருக்கிறது. ஒப்பந்தப்புள்ளியில் ‘லினக்ஸில் இயங்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்தால், இவ்வளவு பெரிய வாடிக்கையாளரை இழக்க எந்த நிறுவனமும் விரும்பாது. மத்திய அரசின் திறமூல மென்பொருள் கொள்கை 2015-லேயே வந்துவிட்டது. அதைக் கொள்முதல் ஆவணத்தில் ஏற்றுவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

ஜெர்மனியின் மூனிக் நகராட்சி லினக்ஸுக்குப் போய்த் திரும்பி வந்ததே என்று கேட்பார்கள். உண்மைதான். 2003-இல் முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றிவிட்டு, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப அந்த நகர மன்றம் தீர்மானித்தது. ஆனால் அதே நகராட்சி அமர்த்திய ஆலோசகர்களின் அறிக்கை, சிக்கலின் பெரும்பங்கு மென்பொருளில் அல்ல, துறைதோறும் சிதறிக் கிடந்த ஐடி நிர்வாகத்தில் இருக்கிறது என்றது. அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் முப்பதாயிரம் அரசுக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்ற முடிவு செய்து, அந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் பாதுகாப்பு அமைச்சகமே 2023-இல் உபுண்டு அடிப்படையிலான மாயா இயங்குதளத்தைக் கொண்டுவந்தது. டெல்லியின் ராணுவ அலுவலகத்துக்கு ஆகிவருவது உத்திரமேரூர் ஊராட்சி அலுவலகத்துக்கு ஆகாது என்பதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பிணைத்தொகை வைரஸ் உலகைத் தாக்கியபோது கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் ஊராட்சி அலுவலகக் கணினிகளே அகப்பட்டன. திருத்தம் ஏறாத விண்டோஸ் அவை. லினக்ஸிலும் ஓட்டைகள் உண்டு. திருத்தம் போடாமல் விட்டால் அதுவும் பாழாகும். ஆனால் பழைய கணினி என்பதற்காக அங்கே திருத்தம் மறுக்கப்படுவதில்லை. டெபியனின் புதிய 13-ஆம் பதிப்பு 32-பிட் கணினிகளில் நிறுவுவதைக் கைவிட்டிருக்கிறது. ஆனாலும் 64-பிட் செயலியும் நான்கு ஜிபி நினைவகமும் உள்ள பத்தாண்டுக் கணினி அதில் தாராளமாக ஓடும். பிடி யார் கையில் என்ற கேள்வி இன்னும் பெரிது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. காசு கட்டிய வாடிக்கையாளர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. அது மின்னஞ்சல் போன்ற இணையச் சேவை. மேசைக் கணினியில் லினக்ஸ் இருந்திருந்தால் மட்டும் தப்பியிருக்காது. உள்நாட்டு நிறுவனத்திடம் வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல் ஜோஹோ தளத்துக்கு மாறியிருக்கிறது. தென்காசியில் வேலை கொடுக்கும் நிறுவனம் என்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் மூலநிரலைக் காட்டாத மென்பொருள் எந்த ஊருடையதாக இருந்தாலும் பிடி அதை விற்றவரிடமே இருக்கும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பொ.ஆ. 919-லும் 921-லும் வெட்டிய ஊர்ச் சபை விதிகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்வில் சேர்க்கக் கூடாது என்கின்றன. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே இடம் கொடுத்த சபை அது. அதை மக்களாட்சி என்று தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவரிடம் பொதுக் காரியத்தைக் கொடுக்காதே என்ற அந்த ஒரு விதி இன்றைக்கும் பொருந்தும். பொதுமக்களின் பட்டாவும் சான்றிதழும் கடந்துபோகும் மென்பொருள் என்ன செய்கிறது என்று அரசின் பொறியாளராவது திறந்து பார்க்க முடிய வேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதற்கு பிரெஞ்சு ஜாந்தார்மரி காவல் படை நல்ல வழி காட்டியிருக்கிறது. அவர்கள் 2005-இல் ஓப்பன் ஆபிஸை மட்டும் கொண்டுவந்தார்கள். அடுத்து ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும். கை பழகிய பிறகு 2008-இல்தான் உபுண்டு. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அப்படி மாறின. உத்திரமேரூர் ஒன்றியத்திலும் இதே வரிசை செல்லும். முதல் ஆறு மாதம் இருக்கும் விண்டோஸிலேயே லிப்ரே ஆபிஸும் ஒருங்குறித் தட்டச்சும் பழகட்டும். அதே காலத்தில் வானவில் கோப்புகளை மாற்றும் வேலை நடக்கட்டும். இரண்டு இளைஞர்களை முதலிலேயே அமர்த்திவிட வேண்டும், மாற்றம் முடிந்த பிறகு அல்ல. பிறகு விண்டோஸ் 11 ஏறாத கணினிகளை மட்டும் எடுத்து, தட்டச்சும் உலாவியும் போதும் என்கிற மேசைகளில் லினக்ஸ் போடலாம். டேலி மேசையும் டோக்கன் மேசையும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வரும்போது அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.