பழசு எண்டு தீர்மானிக்கிறது ஆர்?

“வின்டோஸ் 10 முடிஞ்சுது, 11க்கு மாறுங்கோ” என்ற அறிவித்தலைக் கண்டவுடன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எப்பிடி மாறுறது? ஏன் மாற வேணும், ஆர் சொல்லி மாறுறம் எண்டு ஒருத்தரும் கேட்கிறேல்லை. நாங்கள் கேட்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். 11ஐ நாங்களும் பாவித்துப் பார்த்தோம். பார்க்க வடிவாகத்தான் இருக்கு. திறந்து வைத்த பக்கங்களைத் திரையில் பக்கம் பக்கமாக அடுக்கி வைப்பது சுகம். தமிழ் யுனிகோட் சிக்கலில்லாமல் தெரிகிறது. ஆனால் அதில் நாங்கள் செய்ததெல்லாம் 10இல் செய்த அதே வேலைதான்: கட்டுரை தட்டுறது, பிடிஎஃப் வாசிக்கிறது, யூடியூப் பார்க்கிறது. இதுக்காக ஒரு புது லப்டொப் வாங்கலாமோ எண்டு கேட்டால், இல்லை.

ஆனால் வாங்கத்தான் சொல்கிறார்கள். 2015இல் வின்டோஸ் 10 வந்தபோது, இதுதான் கடைசி வின்டோஸ் என்று மைக்ரோசொஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையில் சொன்னார். 2021இல் 11 வந்தது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அந்தத் தலைமுறை வந்ததே 2017இல்தான். ஆகவே 2016இல் வாங்கிய, 16 ஜிபி நினைவகம் உள்ள ஐ7 மெஷின் ‘தகுதியில்லை’. 4 ஜிபியோடு திணறுகிற செலரோன் லப்டொப் சிலதுக்குத் தகுதி இருக்கு! அப்ப பிரச்சினை மெஷினின்ரை பலத்தில் இல்லையே.

“அது பாதுகாப்புக்காக” எண்டு சொல்லுவினம். டிபிஎம் பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. பூட்டின் திறப்பை அது பத்திரமாக வைத்திருக்கும். ஆனால் புதுசு வாங்கக் காசில்லாதவர் என்ன செய்வார்? திருத்தங்கள் வராத 10ஐத்தான் தொடர்ந்து பாவிப்பார். வசதியானவருக்கு இரண்டு பூட்டு, வசதியில்லாதவருக்குத் திறந்த கதவு. இதுதானோ பாதுகாப்பு?

இன்னொன்றையும் பாருங்கோ. 2025 ஒக்டோபர் 14உடன் வின்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. மேலதிகமாக ஒரு வருடம் திருத்தங்கள் வேண்டுமென்றால் 30 டொலர் கட்டலாம். அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அவர்களின் சேமிப்பகத்துக்கு அனுப்பலாம். அல்லது அவர்களின் வெகுமதிப் புள்ளிகளில் 1000ஐக் கொடுக்கலாம். ஆனால் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் நுகர்வோர் அமைப்புகள் கேள்வி கேட்டன. அங்கே, கணக்கில் நுழைந்தால் போதும், காசும் வேண்டாம், அமைப்புகளை அனுப்பவும் வேண்டாம் என்று விட்டார்கள். அதே மென்பொருள், அதே திருத்தம். இதில் தொழில்நுட்பக் காரணம் எங்கே இருக்கு? அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது.

எங்கட வீடுகளில் ஒரு லப்டொப் அண்ணாவிடமிருந்து தங்கச்சிக்குப் போகும். வெளிநாட்டு மாமா விட்டுவிட்டுப் போனதாக இருக்கும், இல்லாட்டி தவணைக் காசில் வாங்கினதாக இருக்கும். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள். ‘புதுசு வாங்குங்கோ’ என்பது எங்களுக்குச் சின்னக் கதையில்லை.

கள்ளக் கொப்பி போடுறதும் விடையில்லை. அது எங்களை அதே கம்பனியின் வாசலில்தான் நிற்க வைக்கும்.

லினக்ஸ் இருக்கு. உபுண்டு 24.04க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் இலவசம். ஒரு பென்டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். லிப்ரேஒஃபிஸ், ஃபயர்பொக்ஸ் எல்லாம் உண்டு. பாமினி எழுத்துருவையும் நிறுவலாம். ஃபோட்டோஷொப் நேரடியாக ஓடாது, சில கேம்களும் ஓடாது, அதையும் மறைக்கவில்லை. அதெல்லாம் கட்டாயம் தேவைப்படுபவர் வின்டோஸிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் கடைக்குப் போகமுதல் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கோ.

பாடசாலைக் கணினி அறையிலும் நூலகத்திலும் ‘பழசு’ எண்டு ஒரு மெஷினை மூலையில் தள்ளும்போது, நீங்கள் அங்கே இருந்தால் கேளுங்கோ: இது பழுதாப் போச்சோ, இல்லாட்டி பழசு எண்டு ஆரோ சொன்னதோ?