பாரதமாதா கோயிலும் பரபக்க நெறியும்

ஒரு சொல்லைக் கேட்ட இருவர் ஒரு பொருளையே கொள்வர் என்னும் நியதி இல்லை. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாவது என்பது சித்தாந்தத் துணிபு. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைத் தன்னிறமாகக் காட்டுமாறு போல, அறிவும் தான் சார்ந்த சமயம், கட்சி, விருப்பு, வெறுப்பு என்பவற்றின் நிறத்தைக் கேட்ட சொல்லின்மேல் ஏற்றிக் காணும். இதற்குத் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி தக்க சான்றாம்.

வத்தலக்குண்டிற் பிறந்து, 1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் சிறைப்பட்டு, தொழுநோயால் நலிந்த சுப்பிரமணிய சிவா, அவ்வூரிற் பாரதாசிரமம் நிறுவிப் பாரதமாதாவுக்குக் கோயில் எடுக்க முயன்றார். 1923 இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். கோயில் எழுமுன்னரே, 1925 சூலை 23 இல் சிவா மறைந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின் அரசு ஆங்கே பாரதமாதா நினைவாலயம் ஒன்றைக் கட்டியது. அதனை ‘ஆலயமே’ என்றார் ஒரு சாரார். ‘நினைவிடமே’ என்றார் மற்றொரு சாரார். 2022 ஆகஸ்டில் அதன் பூட்டு உடைக்கப்பட்டது. வழக்கும் கைதும் தொடர்ந்தன.

இவ்வேறுபாடு அவ்வூர்க்கே உரியதன்று. பாரதமாதாவை 1905 இல் அவனீந்திரநாத தாகூர் நாற்கரத் துறவுமகளாகத் தீட்டினார். காசியில் 1936 இல் காந்தியடிகள் திறந்துவைத்த பாரதமாதா கோயிலிலோ தெய்வத் திருவுருவம் இல்லை. சலவைக்கல்லில் அமைத்த நாட்டின் படமே உளது.

‘அவரவர் கொண்டதே மெய், ஆராய்ச்சி எற்றுக்கு?’ என்பாரும் உளர். அது பொருந்தாது. கயிற்றைப் பாம்பெனக் கண்டானும் கயிறெனக் கண்டானும் ஒப்பராயின், அளவை நூல் வேண்டப்படாதாம். ‘அத்துவிதம்’ என்னுஞ் சொல்லுக்கு ‘ஒன்றே உளது’ என ஏகான்மவாதியார் பொருளுரைத்தனர். மெய்கண்டார், பொருள் பலவென்று வாளா விட்டாரல்லர். ஆய்ந்து, இரண்டாய் நின்றும் வேறன்மையே அதன் பொருளென நாட்டினார்.

ஆகலின் ‘ஆலயமே’ என்பாரை நோக்கி வினவுக. நாடு என்பது மண்ணும் மலையும் ஆறும், மாயையின் காரியம், சடம். அதனைப் பதியெனக் கொள்ளுதல் பாசத்தைப் பதியாகக் காணும் திரிபேயாம். ‘சிவா தாமே கோயில் என்றனரே’ எனின், சொல்லியவர் கருத்தை அவர் செயலாற் காண்டல் முறை. அவர் செயல் பெரிதும் நாட்டு விடுதலையை நோக்கியது. ஆகமப் பிரதிட்டையை நோக்கியதன்று. எனவே அஃது உபசார வழக்கு என்க.

‘வெறுங் கட்டடமே’ என்பாரும் தெளிந்தாரல்லர். நோயுற்ற உடலோடு ஊர் ஊராய்த் திரிந்து ஒருவர் வேண்டிய வேட்கை அவ்விடத்தைப் பற்றி நிற்கின்றது. அதனைக் காணாமை குன்றக் காண்டலாம். பழைய தகடூர் நாடு நடுகற்கள் மலிந்தது. ஆநிரை மீட்டுப் பட்ட வீரனுக்குக் கல்நட்டுப் போற்றியவர் அம்மக்கள். அப்போற்றுதல் நன்றியின் வழிப்பட்டது. நடுகல்லைச் சிவாலயத்தோடு மயக்குதலும் பிழை. அதனை வெறுங்கல்லென இகழ்தலும் பிழை. பாப்பாரப்பட்டி நினைவாலயத்திற்கும் இதுவே நெறி.

அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார்ப் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்துக்கொண்டு, மாற்றார் கொள்கையை முதலில் நிரம்ப உரைத்துப் பின்னரே மறுக்கின்றார். மாற்றார் எப்பொருளிற் சொல்லுகின்றார் என்று அறியாமுன் மறுப்பவன், தன் மனத்திலுள்ள பொருளையே மறுக்கின்றான். பாப்பாரப்பட்டிப் பூசலில் இரு திறத்தாரும் கைவிட்டது இந்நெறியையே. இதனை மேற்கொண்டு, ‘ஆலயம் என நீவிர் கருதுவது யாது?’ என ஒருவரையொருவர் வினவியிருப்பின், பூட்டுக்கும் வேலை இல்லை. அதனை உடைப்பார்க்கும் வேலை இல்லை. இதனைத் தம் பிணக்குகள் அனைத்தினும் கைக்கொள்ளுதல் சைவ நன்மக்கட்குக் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.