பரிசு கைநழுவிய பிறகு



தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் வெற்றி பெற்றோரின் படங்களை நாளேடுகளில் காண்கிறோம். தோற்ற பிள்ளையோ வீட்டின் மூலையில் முகம் புதைத்துக் கிடக்கிறான். அவனுக்கும் அவன் பெற்றோருக்கும் உதவும் என்றெண்ணி, இம்மாதம் ஒரு மிதிவண்டி வீரரின் வரலாற்றைக் கூற விழைகிறேன்.

அவர் பெயர் யூஜின் கிறிஸ்டோஃப். 1885-ஆம் ஆண்டு பாரிசு நகரையடுத்த மலாக்கோஃப் என்னும் ஊரில் பிறந்தவர். பூட்டுத் தொழில் பயின்றவர். பின்னர் மிதிவண்டிப் பந்தயத்தையே பிழைப்பாகக் கொண்டார். 1910-இல் மிலான் நகரிலிருந்து சான் ரெமோ வரை நடந்த பந்தயத்தில், கடும் பனிப்பொழிவுக்கிடையே முதலாவதாக வந்தார். ஆயினும் பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் மாபெரும் பந்தயத்தில் பதினொரு முறை கலந்துகொண்டும் ஒருமுறைகூட அவர் வாகை சூடவில்லை.

1913-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் வெற்றி அவருக்கு எட்டும் தொலைவில் இருந்தது. பிரனீசு மலைத்தொடரில் தூர்மலே கணவாயைக் கடந்து இறங்குகையில், முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கவை முறிந்தது. நம் சைக்கிள் கடைக்காரர்கள் அதனைப் ‘போர்க்’ என்பர். பிறர் உதவியின்றி வீரரே தம் வண்டியைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது அக்காலத்து விதி. எனவே வண்டியைத் தோளில் சுமந்து, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, செயின்ட் மரி த கம்பான் என்னும் சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். பந்தய அதிகாரிகள் அருகில் நின்று கண்காணிக்க, இரும்பைக் காய்ச்சித் தாமே அடித்துப் பொருத்தினார். இரண்டு கைகளும் வேலையில் இருந்தமையால், ஒரு சிறுவன் துருத்தி ஊதினான். அவ்வுதவிக்காகவும் அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது!

அன்பர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த உலைக்களத்தில் அவர் சுத்தியலை உயர்த்திய வேளையில் பரிசு ஏற்கெனவே பறிபோயிருந்தது. மற்றவர்கள் மணிக்கணக்கில் முன்னே சென்றுவிட்டனர். ஆயினும் அவர் வேலையை முடித்தார்; மீண்டும் வண்டியேறினார்; பாரிசு வரை சென்று ஏழாம் இடம் பெற்றார்.

உலகப் போருக்குப் பின் 1919-இல் மீண்டும் பந்தயம் நடந்தது. முன்னணியில் உள்ளவரை மக்கள் அடையாளம் காணும் பொருட்டு மஞ்சள் சட்டை அவ்வாண்டு அறிமுகமாயிற்று. அதை முதன்முதலில் அணிந்தவர் கிறிஸ்டோஃபே. பாரிசை எட்ட இரு கட்டங்களே எஞ்சியிருந்தபோது, கவை மீண்டும் முறிந்தது! மறுபடியும் தாமே பழுது நீக்கி, மூன்றாம் இடத்தோடு பாரிசு சேர்ந்தார். அவருடைய துயரத்தைக் கேள்வியுற்ற பொதுமக்கள், பந்தயத்தை நடத்திய நாளேட்டின் வழியாகத் தத்தம் சிறு காணிக்கைகளை அவருக்கு அனுப்பிவைத்தனர்.

1926-இல் ஓய்வுபெற்ற அவர், 1970-இல் காலமானார். அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இன்று நினைவுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 1913-இல் வென்றவர் யார் என்று கேட்டால் பலரும் தயங்குவர். கொல்லன் பட்டறையில் நின்றவரையோ எவரும் மறப்பதில்லை.

ஆகவே பெற்றோரே, தோற்று வந்த பிள்ளையிடம் “எத்தனை மதிப்பெண்?” என்று மீண்டும் மீண்டும் கேளாதீர். முறிந்ததைச் சீர்செய்ய அவனுக்கு ஓர் உலைக்களமும், சற்று நேரமும் தேவை. துருத்தி ஊத ஒரு கையும் தேவை. நம் இல்லத்தில் அதற்குத் தண்டனை விதிப்பார் எவருமில்லை.